முகமூடி தேவைப்படாத மாணவர்

ஆட்டிசம் உடையவராய்ப் பல்கலைக்கழக வாயிலில் நிற்கும் இளைஞர் ஒவ்வொருவரின் உள்ளத்திலும் ஒரு வினா எழுகிறது: உள்ளதைச் சொல்லிவிடுவதா, மறைத்துக்கொண்டு வாழ்வதா? இவ்வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. ஆட்டிசத்தின் வரலாற்றில் முதல்வராய்ப் பதிவான சிறுவரின் வாழ்வே அதற்கு நல்ல தொடக்கமாகும்.

டொனால்டு டிரிப்லெட் 1933இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தனித்திருப்பதிலும் பொருள்களைச் சுழற்றுவதிலுமே மகிழ்ந்த அக்குழந்தையை மருத்துவர் அறிவுரைப்படி 1937இல் ஒரு காப்பகத்தில் விட்டனர். ஓராண்டு சென்றபின், மனம் பொறாத பெற்றோர் அவரை வீட்டுக்கு மீட்டு வந்தனர். 1938இல் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்னும் மருத்துவரிடம் காட்டினர். குழந்தையைப் பற்றித் தந்தை அவருக்கு எழுதிய கடிதம் 33 பக்கம் கொண்டது. ஆட்டிசத்தை விளக்கிக் கேனர் 1943இல் வெளியிட்ட கட்டுரை 11 குழந்தைகளைப் பற்றியது. அவர்களுள் முதலாமவர் டொனால்டு.

அதே டொனால்டு 1958இல் மெதடிஸ்டு திருச்சபைச் சார்புடைய மில்சாப்ஸ் கல்லூரியில் பிரெஞ்சு மொழியில் பட்டம் பெற்றார். கல்லூரிப் பாடகர் குழுவில் அவர் இருந்தவரை, சுருதி காட்டும் கருவியைத் தலைவர் தேடவில்லை. வேண்டிய சுரத்தை டொனால்டிடமே கேட்டுப் பெற்றார். நண்பர் ஒருவர் நீந்தக் கற்பிக்க முயன்று தோற்றார். ஆயினும் நட்பு தோற்கவில்லை. பின்னர்க் குடும்ப வங்கியில் பணியாற்றி, தனியே கார் ஓட்டி, உலகம் சுற்றி, 2023இல் தம் 89ஆம் வயதில் மறைந்தார்.

இவர் தம்மை மறைத்துக்கொள்ள வேண்டியிராதது ஏன்? ஊராரும் தோழர்களும் அவரது விந்தைப் போக்கை அவருடைய இயல்பாகவே ஏற்றுக்கொண்டனர் என்பது ஒரு காரணம். குடும்பத்தின் செல்வமும் செல்வாக்கும் மற்றொரு காரணம் என்பதையும் நாம் மறத்தலாகாது. அவ்வாய்ப்பு இல்லாத எத்தனையோ பேர் காப்பகச் சுவர்களுக்குள்ளேயே முதுமையடைந்தனர்.

செல்வாக்கு இல்லாதவருக்கும் கல்லூரிக் கதவு திறக்கச் சட்டம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1973, 1990 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அதைச் செய்தன. இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டமே அதை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற உதவிகள் உரிமைகளாயின. ஆனால் அவ்வுரிமையைப் பெற மாணவரே முன்வந்து, சான்றிதழ் காட்டி, தம்மை வெளிப்படுத்த வேண்டும். பெயரைச் சொன்னால் உதவி கிடைக்கும்; அப்பெயரோடு ஏளனமும் இரக்கப் பார்வையும் வந்துவிடுமோ என்னும் அச்சமும் உடன் நிற்கும்.

ஆகவே பலர் மறைக்கின்றனர். பேச வேண்டியதை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கின்றனர். கண்ணோடு கண் நோக்கத் தம்மை வற்புறுத்துகின்றனர். இரைச்சல் தரும் வேதனையைப் புன்னகையால் மூடுகின்றனர். இம்மறைப்பை அளக்க பிரிட்டன் ஆய்வாளர்கள் 2018இல் ஒரு வினாநிரலை வெளியிட்டனர். மறைப்பு மிகுந்தோரிடம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் மிகுதியாய்க் காணப்படுவதை அவ்வாண்டின் மற்றோர் ஆய்வு சுட்டியது. நன்றாகத்தானே இருக்கிறார் என்று நாம் எண்ணும் மாணவர், அந்தத் தோற்றத்துக்குத் தம் உயிராற்றலையே விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

டொனால்டும் இளமையில் ஒருமுறை வேடம் புனைந்தவரே. ஒரு கட்டடத்தில் எத்தனை செங்கற்கள் என்று மாணவர்கள் கேட்க, நொடியில் ஓர் எண்ணைச் சொன்னார், ஊரே வியந்தது. முதுமையில் அதுபற்றி வினவியபோது, அப்பிள்ளைகள் தம்மை நல்லவிதமாய் நினைக்க வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு சொன்னதாக விடையளித்தார்.

மனிதரைவிட்டு விலகி நிற்பதாய் எழுதப்பட்ட குழந்தையின் நெஞ்சில் இருந்த ஏக்கம் இதுவே. சொல்வதோ சொல்லாதிருப்பதோ அந்த மாணவரின் உரிமை. அதை நாம் பறித்தலாகாது. சொன்னபின்னும் முன்போலவே தம்மோடு அமர்ந்து உண்பார்கள் என்னும் உறுதியை அவருக்கு அளிப்பது, வகுப்புத் தோழரும் ஆசிரியரும் பெற்றோருமாகிய நம் கடமை.