மென்சூர்

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளின் சில மாணவர் சங்கங்களில் நடக்கும் கூர்வாள் சண்டை. பல்கலைக்கழக மாணவர்கள் வாளோடு திரிந்த பழைய காலத்தில் வேர்கொண்டு, 19ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவத்தை அடைந்தது.

இருவரும் வாள் எட்டும் தொலைவில் எதிரெதிரே நிற்பர். கால் நகரக் கூடாது, தலையைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. கண்ணுக்கும் மூக்குக்கும் உலோகக் காப்பு, கழுத்துக்குக் கனத்த பட்டை, உடலுக்குத் தடித்த காப்புடை; கன்னமும் நெற்றியும் உச்சந்தலையும் திறந்தே இருக்கும். வெற்றி, தோல்வி கிடையாது. வெட்டு விழும்போது அசையாமல் நின்றானா என்பதையே சங்கத்தார் முதன்மையாகப் பார்ப்பர். பகை இருக்க வேண்டியதில்லை. எதிராளியைச் சங்கங்களே பேசி முடிவு செய்கின்றன. எனவே இதை ஆணின் இயல்பான மூர்க்கத்துக்கு வடிகால் என்பது பொருந்தாது. அச்சத்தைக் காட்டாதே என்று இளைஞனுக்குக் கற்பிக்கும் பயிற்சி இது. அந்தப் பாடத்துக்கு ரத்தம் தேவைப்பட்டது வருந்தத்தக்கது.

முகத்து வடு ஒருகாலத்தில் படித்த, வசதியான ஆணின் அடையாளமாக மதிக்கப்பட்டது. ஜெர்மன் அரசியல் தலைவர் பிஸ்மார்க் மாணவப் பருவத்தில் பலமுறை வாளேந்தியவர். சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் முகத்திலும் அந்த வடு இருந்தது. ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் நகரில் நேரில் கண்ட சண்டைகளை அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880இல் வெளியான பயண நூலில் விரிவாக எழுதினார். காப்புடன் நடக்கும் மென்சூர் தண்டனைக்குரிய குற்றமன்று என மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது.