கருங்காலி விமானம் ஓட்டுமா?

இப்போ கருங்காலி மாலைதான் ஃபேஷன். ஆனா அம்பத்தூர் எஸ்டேட் மாதிரி தொழிற்பேட்டைகள்ல, ஸ்டிரைக் நேரத்துல கருங்காலின்னு கூப்பிட்டா அது பெரிய வசவு. கெட்டியான கருங்காலி மரம், கோடரிக்குக் காம்பாகி மத்த மரங்களையே வெட்டும். ஸ்டிரைக்கை மீறி வேலைக்குப் போறவருக்கு அந்தப் பேரு வந்ததுக்குச் சொல்லப்படுற கதை இதுதான்.

இது ஃபேக்டரிக்கு மட்டுமான சண்டை இல்ல. வெள்ளைச் சட்டை, தோள்ல நாலு பட்டை போட்ட கேப்டனுக்கும் யூனியன் உண்டு. 1992 டிசம்பர்ல இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க. நிர்வாகம் உஸ்பெகிஸ்தான்லேர்ந்து விமானத்தை, ஓட்டுற ஆட்களோட சேர்த்து வாடகைக்கு எடுத்தது.

1993 ஜனவரி 9. ஹைதராபாத்லேர்ந்து போன அந்த டுபோலெவ்-154, டெல்லியில பார்வை மங்கின வானிலையில தரையிறங்கும்போது கவிழ்ந்து தீப்பிடிச்சது. உள்ளே 160 பேருக்கு மேல. எல்லாரும் உயிர் பிழைச்சாங்க.

இதுல கருங்காலி யாரு? அந்த வெளிநாட்டு பைலட்டுக்கு இது யாரோ ஒருத்தரோட சண்டை. திட்டு விழுறது காம்புக்கு. கோடரியைப் பிடிச்சது நிர்வாகம். ஆபத்துல உட்கார்ந்திருந்தது டிக்கெட் வாங்கின பயணிங்க.