சூடோ பிறந்த கதை

யூனிக்ஸில் ரூட் என்றொரு பயனர் உண்டு. எண் 0. இந்த எண்ணைக் கண்டால் கோப்புகளின் அனுமதிப் பூட்டுகள் எல்லாம் வழிவிட்டுவிடும். யாருடைய கோப்பையும் திறக்கலாம், யாருடைய வேலையையும் நிறுத்தலாம், டிஸ்க்கையே துடைத்து எறியலாம். இந்த அதிகாரம் இல்லாமல் சர்வரை நடத்தவும் முடியாது. புதுப் பயனரைச் சேர்க்க, பேக்கப் எடுக்க, நின்றுபோன சர்வீஸை மறுபடி கிளப்ப, எல்லாவற்றுக்கும் ரூட் வேண்டும்.

1971-ல் வந்த முதல் யூனிக்ஸ் பதிப்பிலேயே ‘எஸ்யூ’ என்ற கட்டளை இருந்தது. ரூட்டின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் நீங்களே ரூட். நிர்வாகி ஒருவர்தான் என்றால் பாதகமில்லை. ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கும் அதே பாஸ்வேர்டு. ஒரு கோப்பு காணாமல் போனால் அது ரூட்டின் வேலை என்று தெரியும். ஐந்து பேரில் எவர் என்று பிரித்துச் சொல்வது பெரும்பாடு. ஒருவர் வேலையை விட்டுப் போனால் பாஸ்வேர்டை மாற்றி மற்ற நால்வருக்கும் சொல்ல வேண்டும். பேக்கப் டேப் மாற்ற வந்த மாணவனுக்கும் முழு ராஜ்யத்தையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகம். 1980 வாக்கில் அங்கே கணினி அறிவியல் துறையின் வாக்ஸ்-11/750 இயந்திரத்தில் பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர் இருவரும் எழுதியதுதான் சூடோ. அதற்கு வேண்டிய அடித்தளம் யூனிக்ஸிலேயே இருந்தது. ஒரு புரோகிராமை யார் ஓட்டினாலும் அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடச் செய்யும் ‘செட்யுஐடி’ அடையாளம் அது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியின் கண்டுபிடிப்பு, 1979-ல் காப்புரிமையும் பெற்றது. சூடோ ரூட்டின் அதிகாரத்தோடு எழுந்து, கேட்பவர் பெயர் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த ஒரு கட்டளையை மட்டும் ஓட்டித் தரும்.

பிறகு அது பல கை மாறியது. 1985-ல் மேம்பட்ட வடிவம் யூஸ்நெட்டில் வெளியானது. அடுத்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்த் ஸ்னைடர் அதைச் செப்பனிட்டார். 1991-ல் டேவ் ஹீப், ஜெஃப் நியூஸ்மா இருவரும் திருத்தி எழுதினார்கள். அந்த அனுமதிப் பட்டியலான ‘சூடோயர்ஸ்’ கோப்பு விரிவான இலக்கணம் பெற்றது அப்போதுதான். இன்று அதில் எந்தப் பயனர், எந்த இயந்திரத்தில், யாராக, எந்தக் கட்டளையை ஓட்டலாம் என்பதை ஒரே வரியில் எழுதிவிடலாம். 1994-லிருந்து டாட் மில்லர் அதைப் பராமரித்து வருகிறார். 30 ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் இப்படிக் காவலிருப்பது பெரிய தொண்டு. அதற்கான நன்றியை நாம் போதுமான அளவு சொன்னதில்லை.

சூடோவின் மிகப் பெரிய கொடை அதன் பதிவேடு என்றே நான் சொல்வேன். உபுண்டு சர்வரில் ‘ஆத்.லாக்’ கோப்பைத் திறந்து பாருங்கள். யார் கேட்டார், எந்த டெர்மினலிலிருந்து, எந்த ஃபோல்டரில் நின்று, யாருடைய அதிகாரத்தில், என்ன கட்டளை, எல்லாம் ஒரே வரியில் நிற்கும். கேட்பதும் உங்கள் சொந்த பாஸ்வேர்டைத்தான். ரூட்டின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. 2004-ல் வந்த முதல் உபுண்டு ரூட் கணக்கைப் பூட்டியே தந்தது இந்தத் துணிச்சலில்தான்.

ஆனால் பட்டியல் எழுதுபவர் விழிப்பாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ‘விஐ’ எடிட்டரை மட்டும் சூடோவில் அனுமதித்தோம் என்று நிம்மதியாக இருப்பார். விஐக்கு உள்ளிருந்தே ஷெல் திறக்கலாம். அது ரூட் ஷெல்லாகத்தான் திறக்கும். இதைத் தடுக்க ‘சூடோஎடிட்’ வந்தது. கோப்பின் நகலைப் பயனர் தன் சொந்த அதிகாரத்தில் திருத்துவார், முடிந்ததும் சூடோ அதை உரிய இடத்தில் வைக்கும்.

அந்த சூடோஎடிட் வழியாகவே பெரிய ஆபத்தும் வந்தது. 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘பேரன் சமெடிட்’ பிழை அது. பட்டியலில் பெயரே இல்லாத சாதாரணப் பயனரும் அந்த ஓட்டை வழியே ரூட் ஆகலாம். 2011-ல் நுழைந்த பிழை; கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை. சி மொழியில் நினைவக எல்லை தாண்டி எழுதும் இத்தகைய பிழைகளுக்கு அஞ்சித்தான் ரஸ்ட் மொழியில் ‘சூடோ-ஆர்எஸ்’ புதிதாக எழுதப்பட்டது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-ல் அதுவே இயல்பிருப்பு.

எந்த மொழியில் எழுதினாலும் பட்டியல் நம் கையில்தான். பல அலுவலகங்களில் எல்லாருக்கும் ‘ஆல்’, அதாவது எல்லாக் கட்டளையும், என்று ஒரு வரி எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். சர்வர் பொறுப்பு உங்களிடம் இருந்தால் இன்றே ‘விசூடோ’ கட்டளையால் சூடோயர்ஸ் கோப்பைத் திறங்கள். இலக்கணப் பிழை இருந்தால் சேமிக்கும் முன் அது எச்சரிக்கும். சூடோ குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் பெயரை நீக்குங்கள். மிச்சமிருப்பவர்களுக்கு அவரவர் வேலைக்கு வேண்டிய கட்டளைகளை மட்டும் கொடுங்கள்.