கருப்பட்டியின் கதை

வீட்டு அடுப்பிலே வெந்த பணியாரத்தையும், ஊர்க்கடையிலே வாங்கிய கருப்பட்டி மிட்டாயையும் சுவைத்து மகிழ்கிறோம் நாம். சுவைக்கட்டும் நா; சிந்திக்கட்டும் நெஞ்சு! இவ்வினிமை எங்கிருந்து வந்தது? ஆண்டவன் அருளா? அன்று, உழைத்தோர் வியர்வை!

விடியலிலும் அந்தியிலும் பனையேறிப் பாளை சீவினான் ஒருவன். சுண்ணாம்பு தடவிய கலயத்திலே புளிக்காது சேர்ந்த பதநீரை, அனல் கக்கும் அடுப்பிலே காய்ச்சிச் சிரட்டையிலே வார்த்தாள் அவன் துணைவி. திரண்டது கருப்பட்டி, இனித்தது ஊரார் நா.

ஊர் அளித்த கைம்மாறு யாது? தென் திருவிதாங்கூரிலே பனையேறும் நாடார் குலப் பெண்டிர், மார்பை மறைக்கும் உரிமைக்கே போராட நேர்ந்தது. 1859இல்தான் அரசு இணங்கிற்று. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்த நாடார்கள்மீது வழக்கு! 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்கட்கு எதிராகவே தீர்ப்பளித்தது. திருவிதாங்கூரில் 1936இலும், மதுரை மீனாட்சி கோயிலில் 1939இலுமே கதவுகள் திறந்தன.

கருப்பட்டிக்குத் தீட்டில்லை, காய்ச்சிய கைக்குத் தீட்டாம்! பண்டம் அடுக்களைவரை செல்லலாம். படைத்தவன் வாயிலுக்கு வெளியே நிற்கவேண்டுமாம்! என்னே சாதியின் தருக்கம்!

தோழர்களே, அது பழங்கதை என்று இறுமாந்திருத்தல் தகுமா? பனையேறும் தொழிலை இழிவென எண்ணும் மனம் இன்னும் மாண்டுவிடவில்லை. ஆகவே, கருப்பட்டி வாங்குகையில் விலையை மட்டும் வினவாதீர். ஏறியவனுக்குச் சேர்ந்தது எவ்வளவு என்றும் வினவுவோம். இனிப்பை ஏற்ற நாம், அதனை ஈந்த கையையும் சமமெனப் பற்றுவோம்!