இரண்டு தெருக்களின் கப்பல்

ஆம்ஸ்டர்டாமின் மேற்கே, தெருவுக்குத் தெரு பழைய கடற்படைக்காரர்களின் பெயர் தாங்கிய ஒரு பகுதி உண்டு. அதில் ஒன்று ஃபான் ஸ்பைக் தெரு. ஹேக் நகரிலும் இதே பெயரில் ஒரு தெரு இருக்கிறது. இந்தோனேசியாவின் சோலோ நகரிலோ, ஓரத்துத் தண்டவாளத்தில் ரயில் ஊர்ந்து போகும் பெரிய சாலைக்கு ஸ்லமெட் ரியாடி என்று பெயர். முன்னவர் செத்து 96 ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் பின்னவர். ஆனாலும் ஒரே போர்க்கப்பல் இருவருடைய பெயரையும் அடுத்தடுத்துச் சுமந்திருக்கிறது.

அந்தக் கப்பலின் எண் எஃப் 802. நெதர்லாந்துக் கடற்படை 1962ல் இந்த வகைக் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தது. வரைபடம் பிரிட்டனின் லியாண்டர் வகை ஃப்ரிகேட்டிலிருந்து எடுத்தது. ரேடார் முதலிய கருவிகளை டச்சுக்காரர்கள் தங்கள் விருப்பப்படி மாற்றிக்கொண்டார்கள். ஆம்ஸ்டர்டாம் கப்பல்கட்டும் தளத்தில் 1963ல் வேலை தொடங்கி, 1965ல் தண்ணீரில் இறங்கி, 1967ல் படையில் சேர்ந்தது. நீளம் 113 மீட்டர். நீராவி டர்பைன், மணிக்கு 28 கடல் மைலுக்கு மேல் வேகம். இப்படி ஆறு கப்பல்கள். முதல் கப்பலின் பெயரே முழு வகைக்கும் வந்தது: ஃபான் ஸ்பைக்.

அந்தப் பெயரை விட்டுவிட நெதர்லாந்துக் கடற்படையால் முடியாது, அரசர் ஆணை அப்படி. யான் ஃபான் ஸ்பைக் 1802ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, நகரத்து அநாதை இல்லத்தில் வளர்ந்து, தையல் தொழில் பழகி, அது பிடிக்காமல் கடற்படைக்குப் போனவர். 1820களில் இன்றைய இந்தோனேசியாவின் பங்கா, ஜாவா தீவுகளில் பணியாற்றினார். 1830ல் பெல்ஜியர்கள் டச்சு ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தபோது, ஆன்ட்வெர்ப் நகருக்கு முன்னால் ஸ்கெல்ட் ஆற்றில் ஒரு பீரங்கிப் படகு அவர் பொறுப்பில் இருந்தது. 1831 பிப்ரவரி 5 அன்று அடித்த காற்று படகைக் கரையில் கொண்டுபோய் ஒதுக்கியது. கும்பல் ஏறி வந்து கொடியை இறக்கச் சொன்னது. அவர் கீழே போய் வெடிமருந்துக்கு நெருப்பு வைத்தார்.

அவருடன் இருந்த 31 பேரில் 28 பேர் செத்தார்கள். ஏறி வந்த பெல்ஜியர்களில் எத்தனை பேர் போனார்கள் என்பதற்குக் கணக்கில்லை. 29 வயது முடிந்து ஐந்தே நாளான அந்த லெப்டினன்ட், ஆம்ஸ்டர்டாமின் நியூவே கெர்க் தேவாலயத்தில் புதைக்கப்பட்டார். டச்சுக் கடற்படையின் மாபெரும் தளபதி டி ராய்ட்டர் கிடக்கும் அதே இடம். எக்மண்டு கடற்கரைக் கலங்கரை விளக்கத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். வெடித்து ஆறாவது நாளே அரசர் முதலாம் வில்லியம் ஆணை பிறப்பித்தார்: கடற்படை இருக்கும் காலம்வரை ஃபான் ஸ்பைக் என்றொரு கப்பலும் இருக்க வேண்டும். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 28 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்கள் பெயரில் கப்பல் ஏதும் ஓடவுமில்லை.

எஃப் 802 பீரங்கிச் சண்டை எதையும் பார்க்காமலே நெதர்லாந்தில் தன் காலத்தைக் கழித்தது. 1970களின் பிற்பகுதியில் முன்பக்கத்து இரட்டைப் பீரங்கியைக் கழற்றி, இத்தாலிய 76 மில்லிமீட்டர் பீரங்கியைப் பொருத்தினார்கள். பத்தாண்டுகூட ஆகவில்லை, விற்பனைப் பேச்சு வந்தது. ஆறு கப்பல்களையும் 1986 முதல் 1990 வரை வாங்கிக்கொண்ட நாடு இந்தோனேசியா, அதாவது ஃபான் ஸ்பைக் இளவயதில் காலனிப் படைக்காரனாக நின்ற அதே நாடு.

வீடு கைமாறினால் வாசல் பலகையை முதலில் கழற்றுவார்கள் அல்லவா, அதுதான் இங்கும் நடந்தது. 1962 ஜனவரியில் அரபுரா கடலில் டச்சுக் கப்பல்களின் குண்டுக்கு இரையானவர் இந்தோனேசியக் கடற்படை அதிகாரி யோஸ் சுடார்சோ. அவர் பெயர், முன்பு ஃபான் காலன் என்றிருந்த டச்சுக் கப்பலுக்குப் போயிற்று. எஃப் 802 பெற்ற பெயர் ஸ்லமெட் ரியாடி. 1927ல் சோலோவில் பிறந்த இந்தோனேசியப் படை அதிகாரி அவர். 1949 ஆகஸ்டில் டச்சுப் படையின் பிடியிலிருந்த சோலோ மீது நான்கு நாள் தாக்குதலை நடத்தியவர். மறு ஆண்டு, தனிநாடு கேட்ட தெற்கு மலுக்குக்காரர்களை அடக்க அம்போன் தீவுக்குப் போனார். எதிரில் நின்றவர்களில் பலர் டச்சுக் காலனிப் படையின் பழைய சிப்பாய்கள். 1950 நவம்பர் 4 அன்று குண்டு பட்டு இறந்தபோது வயது 23. யாரைத் துரத்திச் சண்டை போட்டாரோ அவர்கள் கட்டிய கப்பலில் அவர் பெயர் ஏறியதைப் பழிதீர்ப்பு என்று நான் நினைக்கவில்லை. வாங்கியவன் தன் வீட்டுப் பெயரைத்தானே எழுதுவான்!

புதிய வீட்டில் வேலை கூடுதல்தான். நீராவி இயந்திரம் பழசாகி, உதிரிப் பாகம் கிடைக்காமல் போனதும், 2000களில் டீசல் இயந்திரங்களைப் பொருத்தினார்கள். நெதர்லாந்தில் 19 ஆண்டுகள் ஓடிய கப்பல் இந்தோனேசியாவில் 33 ஆண்டுகள் ஓடி, 2019ல் ஓய்வு பெற்றது. கணக்குப் பார்த்தால் அது ஃபான் ஸ்பைக்கைவிட ஸ்லமெட் ரியாடியாகத்தான் அதிகம் வாழ்ந்தது.

அரசர் ஆணையின்படி பழைய பெயர் 1995ல் வேறொரு ஃப்ரிகேட்டில் ஏறிவிட்டது. அது காரல் டோர்மன் வகைக் கப்பல். இந்த வகையிலும் தேவைக்கு மிஞ்சியவற்றை நெதர்லாந்து விற்றது. இரண்டை வாங்கியது பெல்ஜியம். அதில் ஒன்றுக்கு பெல்ஜியர்கள் வைத்த பெயர் முதலாம் லியோபோல்ட், ஆன்ட்வெர்ப்பில் அந்தப் படகு வெடித்து ஐந்து மாதத்தில் பெல்ஜியத்தின் முதல் அரசராகப் பதவியேற்றவர். இரு நாட்டுக் கடற்படைகளுக்கும் இப்போது டென் ஹெல்டரில் ஒரே கூட்டுத் தலைமையகம். ஃபான் ஸ்பைக்கும் லியோபோல்டும் அந்த ஒரே தலைமையகத்தின் கீழ்தான்.