அமிர்தகழியில் பிறந்த ஒளிப்பதிவாளரும் விருது வாங்கிற படங்களும்

பெரிய திரைப்பட விழா ஒன்றின் விருதுப் பட்டியல் வந்ததும் எங்கட வட்டத்துக்குள்ள வாற முதல் கேள்வி, "எங்கட ஆக்கள் ஆரும் இருக்காங்களா?" என்பதுதான். இருந்தால் படத்தைப் பார்க்க முதலே பெருமைப்பட்டு முடித்துவிடுவோம். படத்தில் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்ற கேள்வி பிறகும் வாறதில்லை.

மாமாங்கத் திருவிழாவுக்கு அமிர்தகழிக்குப் போற எத்தனை பேருக்கு அது பாலு மகேந்திரா பிறந்த ஊர் எண்டு தெரியும்? 1939இல் பிறந்தவர். பள்ளிக்கூட நாளில் சுற்றுலா போனபோது, டேவிட் லீன் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தை இலங்கையில் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். லீன் "மழை" எண்டு கத்தினதும் மழை பெய்ததாகவும், தானும் அப்படி மழை பெய்ய வைக்க வேணும் என்று ஆசைப்பட்டதாகவும் பின்னாளில் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

கித்துல்கலவில் களனி கங்கைக்கு மேல பாலம் கட்டி எடுத்த அந்தப் படம் 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளை வாங்கியது. நல்ல படம், மறுக்கயில்ல. ஆனால் அது சொல்லுற பர்மா – சியாம் ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். படமோ பிரிட்டிஷ் போர்க்கைதிகளின் கதையாகவே நிண்டுவிட்டது. மட்டக்களப்புப் பொடியன் ஒருவனைச் சினிமாவுக்கு இழுத்த படத்திலேயே தமிழர் விடுபட்டுப்போனது எனக்கு இப்பவும் உறுத்துது.

அவர் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். 'கோகிலா'வுக்கும் 'மூன்றாம் பிறை'க்கும் ஒளிப்பதிவுக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது. எனக்கு அவற்றை விடப் பெரிய படம் 'வீடு'. 1987ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம். அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகை விருது. பாட்டு இல்லை, சண்டை இல்லை. சென்னையில் ஒரு பெண் தாத்தாவின் காணியில் சின்ன வீடு கட்டப் படுற பாடுதான் கதை. கடன், லஞ்சம், களவு போற சீமெந்து, கடைசியில் அந்த நிலமே அரசாங்கத்துக்குத் தேவை என்று ஒரு அறிவிப்பு. அரைகுறையாக நிக்கிற சுவரைத் தாத்தா தடவிப் பார்க்கிற இடத்தில் சொக்கலிங்க பாகவதர் நடிக்கிற மாதிரியே தெரியாது.

அதே 1987 ஜனவரியில்தான் வாவியின் மேற்குக் கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் இறால் பண்ணையில் வேலைசெய்த தொழிலாளர்கள் உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். படுவான்கரையில் வீடும் காணியும் இழந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று 'வீடு' பார்த்தால் அதைச் சென்னைக் கதை எண்டா பார்க்கும்? ஈழத்தைப் பற்றி அவர் ஒரு முழுநீளப் படம் எடுக்கவில்லை என்ற குறை எங்கட ஆக்களிட்ட இப்பவும் இருக்கு. நியாயமான குறைதான். ஆனாலும் எங்களுக்கு மிக நெருக்கமான படத்தை அவர் எங்கட பேரைச் சொல்லாமலே எடுத்துப்போட்டார் என்பது என்ர எண்ணம். 2014 பெப்ரவரியில் அவர் காலமாகி இரண்டு மாதத்தில் கடைசிப் படமான 'தலைமுறைகள்' தேசிய விருது பெற்றது.

இனி எங்கட பேரைச் சொல்லி விருது வாங்கிய படங்களுக்கு வருவம். 2002இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆறு தேசிய விருதுகள் வாங்கியது. அதில் ஈழம், சென்னைப் பிள்ளை ஒருத்தி அம்மாவைத் தேடி வந்து போற இடம்.

ஜாக் ஓடியாரின் 'தீபன்' 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கினது சும்மா விசயமில்லை. பெரும்பகுதி தமிழில் பேசுற படம் அது; எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகன். ஒருத்தரை ஒருத்தர் தெரியாத மூன்று பேர், செத்தவர்களின் கடவுச்சீட்டில் குடும்பமாக நடிச்சு பிரான்சுக்குப் போறாங்க. சமைக்கிறது, பள்ளிக்கூடம், பாசை தெரியாம முழிக்கிறது என்று போற முக்கால் பங்கு படம் அருமை. பிறகு கடைசியில் என்ன? தீபன் கத்தியைத் தூக்கவேண்டி வருது. தமிழன் எண்டால் எப்பிடியும் உள்ளுக்குள்ள ஒரு போராளி இருக்கத்தான் வேணுமா?

பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' 2023இல் பூசான் விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்றது. 2022 நெருக்கடிக் காலத்து மலையகம். இந்தியத் தம்பதி ஒன்றின் உறவு உடையிறதை நுணுக்கமாகக் காட்டுற, நேர்மையான படம். ஆனால் அதிலும் தோட்டத் தமிழர்கள் பொலிசிட்ட அடிவாங்கிறதுக்காகவே வந்து போறாங்க.

இதெல்லாம் நடக்காததில்லை. நடந்ததுதான், இன்னும் சொல்லவும் வேணும். என்ர பயம் வேற: கையில போனோட குறும்படம் எடுக்கிற எங்கட பொடியன்களும் பிள்ளைகளும் விழாக்காரருக்கு எது பிடிக்கும் என்று படிச்சுப்போட்டாங்க. முள்ளுக்கம்பி, சப்பாத்துக் கால், அழுற அம்மாவின் முகம். அந்த அம்மா "என்ன மனே", "வாகா" எண்டு கூட கதைக்கிறதில்லை; யாழ்ப்பாணத் தமிழிலோ சென்னைத் தமிழிலோதான் அழுறா.

பாலு மகேந்திரா இயற்கை வெளிச்சத்தை நம்பிப் படம்பிடிச்சவர். விடியக்காலமை வாவிக்கரையில் அந்த வெளிச்சம் இப்பவும் சும்மாதான் கிடைக்குது. அதில தோணி கரைக்குத் தள்ளுற ஆளிட்ட யுத்தத்தில் என்ன நடந்தது எண்டு கேக்க முதல், இண்டைக்கு என்ன மீன் பட்டது எண்டு கேக்கிற ஒரு படத்தைப் பார்க்க எனக்கு ஆசை.