இலங்கை ஆபிரிக்க வம்சாவளியினர்

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் ஆகிய மூன்று ஆட்சியாளரும் அடிமைகளாகவும் படையாட்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள். காப்பிரியர் எனவும் வழங்கப்படுவர். புத்தளத்தை அடுத்த சிரம்பியடி இவர்களின் முதன்மையான குடியிருப்பு. கிழக்கில் திருகோணமலையிலும், கல்முனையிலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்பிலும் இவர்களின் வழிவந்தோர் பறங்கியரோடு மணவுறவு கொண்டு கலந்துவிட்டனர். ஆபிரிக்க ஒன்றியத்தின் வரைவிலக்கணம் கண்டத்துக்கு வெளியே வாழும் ஆபிரிக்கருள் இவர்களையும் அடக்குகிறது.

வருகை

ஐரோப்பியக் கப்பல்களுக்கு முன்பே ஆபிரிக்கர் இத்தீவில் இருந்தனர். 1344 இல் இங்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, கொழும்பில் ஜாலஸ்தி என்ற கடல் அதிகாரியிடம் ஏறக்குறைய 500 அபிசீனியர் இருந்ததாக எழுதியுள்ளார். இந்து சமுத்திரக் கப்பல்களில் கொள்ளையரை எதிர்கொள்ள அபிசீனிய வீரர்களைக் காவலுக்கு ஏற்றிச்செல்வது அக்கால வழக்கம். ஆகவே இப்பதிவில் ஆபிரிக்கர் தோன்றுவது விலங்கிட்ட கைகளோடு அல்ல, ஆயுதத்தோடு.

இன்றைய சமூகத்தின் தோற்றம் 1505 இல் கால்வைத்த போர்த்துக்கேயரோடு தொடர்புடையது. மொசாம்பிக் கரையில் பிடிக்கப்பட்டோர் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கிருந்து கொழும்புக்கும் பிற கோட்டைகளுக்கும் பகிரப்பட்டனர். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டிய மட்டக்களப்புக் கோட்டை பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. எசமான் மாறினானேயன்றி ஆபிரிக்கரின் நிலை மாறவில்லை.

ஒல்லாந்தர் கொழும்பில் அடிமைகளைப் பகலில் கோட்டைக்குள் வேலை வாங்கி, இரவில் பேரை வாவியின் அப்புறமிருந்த நிலத்துண்டுக்குப் படகேற்றி அனுப்பினர். அவ்விடத்துக்கு ஆங்கிலேயர் அடிமைத் தீவு என்று பெயரிட்டனர். தமிழில் அது கொம்பனித்தெரு. புகையிரத நிலையப் பலகையில்கூட அண்மைக்காலம் வரை அந்த ஆங்கிலப் பெயர்தான் இருந்தது.

முதல் பிரித்தானியத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் (1798–1805) கோவாவில் ஆபிரிக்க அடிமைகளை விலைக்கு வாங்கிப் படையில் சேர்த்தார். அவருக்குப் பின்வந்த மெயிற்லண்ட் காலத்திலும் இலங்கைப் படைப்பிரிவுகளில் ஆபிரிக்கர் பணிபுரிந்தனர். எதிர்ப்பக்கத்தில் கண்டி மன்னனின் படையிலும் ஆபிரிக்கர் இருந்தனர். 1815 இல் கண்டி வீழ்ந்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844 இல்தான். புத்தளத்தில் நிறுத்தப்பட்டிருந்த பிரிவு கலைக்கப்பட்டபோது அதன் வீரர்கள் நாடு திரும்பவில்லை. கிடைத்த காணியில் குடியமர்ந்து, அயலவரோடு மணம் முடித்தனர். சிரம்பியடிச் சமூகம் அவர்களின் வழிவந்தது.

மொழியும் பாட்டும்

பெரும்பாலோர் கத்தோலிக்கர். பல இடங்களிலிருந்து திரட்டப்பட்டவர்களுக்குப் பொதுமொழியாக நின்றது ஆபிரிக்க மொழி எதுவுமன்று, போர்த்துக்கேயக் கிரியோல். இன்று அதனை முழுமையாகப் பேசுவோர் அருகிவிட்டனர். அது வாழ்வது மஞ்சா எனப்படும் பாட்டுகளில். மஞ்சாவுக்குத் தனி வாத்தியம் வேண்டியதில்லை. தேங்காய்ச் சிரட்டை இரண்டு, வெறும் போத்தல், கரண்டி என அடுக்களையில் உள்ளவையே தாளமாகும். மெல்லத் தொடங்கி, ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி வேகமேற்ற, உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து ஆடுவர். இலங்கை முழுவதும் கலியாண வீடுகளில் ஒலிக்கும் பைலா இந்த மரபில் பிறந்ததே.

ஆபிரிக்க ஒற்றுமையும் இச்சமூகமும்

ஆபிரிக்காவும் வெளியே சிதறிய அதன் மக்களும் அரசியலிலும் பொருளாதாரத்திலும் ஒன்றுசேர வேண்டும் என்ற கருத்து கண்டத்துக்கு வெளியேதான் இயக்கமாக உருப்பெற்றது. டிரினிடாட்டைச் சேர்ந்த ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் 1900 இல் லண்டனில் முதல் மாநாட்டைக் கூட்டினார். ஜமெய்க்காவின் மார்க்கஸ் கார்வி 1919 இல் கறுப்பினத்தவரின் பங்குப்பணத்தில் ‘பிளாக் ஸ்டார் லைன்’ என்ற கப்பல் கம்பனியைத் தொடங்கினார். 1922 இல் அது நின்றுபோயிற்று. 1945 மான்செஸ்டர் மாநாட்டில் கானாவின் நிக்ரூமாவும் கென்யாவின் கென்யாட்டாவும் இருந்தனர். இருவரும் பின்னர் தம் நாடுகளின் தலைவர்களாயினர். லண்டன், மான்செஸ்டர், நியூயோர்க் என இவ்வியக்கத்தின் வரைபடமே அத்திலாந்திக் சமுத்திரத்தை நடுவில் வைத்து வரையப்பட்டது. மொசாம்பிக்கிலிருந்து கிழக்கே ஓடிய கப்பல்கள் அதில் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன.

1963 மே 25 இல் அடிஸ் அபாபாவில் தோன்றிய ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பு, 2002 இல் ஆபிரிக்க ஒன்றியமாயிற்று. புலம்பெயர்ந்தோரையும் பங்குகொள்ள அழைக்கும் சாசனத் திருத்தம் 2003 ஜூலையில் மொசாம்பிக்கின் தலைநகர் மபூட்டோவில் ஏற்கப்பட்டது. இலங்கைக் காப்பிரியரின் மூதாதையர் ஏற்றுமதியான நாட்டிலேயே அது நிகழ்ந்தது தற்செயல்தான். புலம்பெயர்ந்தோர் ஒன்றியத்தின் ஆறாவது பிராந்தியமாகக் கொள்ளப்படுகின்றனர். குடியுரிமை தடையன்று, ஆனால் கண்டத்தின் அபிவிருத்திக்குப் பங்களிக்கும் விருப்பம் வேண்டும் என்பது வரைவிலக்கணம். 2012 மே மாதம் தென்னாபிரிக்காவில் இதற்கென உச்சிமாநாடு கூடியது. முதலீட்டு நிதி, பணம் அனுப்பும் செலவைக் குறைத்தல் போன்ற திட்டங்கள் அதில் முன்வைக்கப்பட்டன.

இத்திட்டங்கள் அண்மையில் புறப்பட்டுப் போனவர்களை மனதில் வைத்தவை. உதாரணமாக, கல்முனைப் பக்கத்து மாவடிப்பள்ளியிலோ நிந்தவூரிலோ இருந்து கட்டாருக்குப் போனவர் மாதந்தோறும் காசு அனுப்புகிறார். அதனை எடுக்க இங்கே வீட்டில் ஆள் இருக்கிறது. சிரம்பியடியில் பிறந்தவருக்கு மொசாம்பிக்கில் அனுப்பவேண்டிய முகவரி இல்லை. எந்த ஊர், எந்தக் குலம் என்ற விபரம் கோவாச் சந்தையிலேயே அழிந்துவிட்டது. ஆகவே ஆறாவது பிராந்தியம் என்பது இவர்களைப் பொறுத்தவரை ஏட்டளவில்தான். 2018 இல் கைச்சாத்தான ஆபிரிக்கக் கண்டச் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும் கண்டத்துள் உள்ள நாடுகளுக்கானதே.

தற்போதைய நிலை

இளையோர் சிங்களமும் தமிழும் பேசுகின்றனர். மஞ்சாக் குழுக்கள் விழாக்களிலும் மேடைகளிலும் பாடிவருகின்றன.